முதல் கிளாஸை ஊற்றிக் கொடுப்பது யார்?

வாசகர் கேள்வி – 2025 ஜனவரி 9

விழுப்புரம் பக்கம் எங்கள் ஊர். டாஸ்மாக் கடைக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் நடுவில் ஒரு புளியந்தோப்புதான். பதினொன்றாவது படிக்கிற பையன்கள் சாயங்காலமானால் தோப்பில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வருகிற 26ஆம் தேதி கிராம சபையில் கடையை மூடச் சொல்லித் தீர்மானம் போட்டால் மூடுவார்களா? மூடினால் பசங்கள் குடிப்பது நிற்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 10

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் தர்மபுரி மாவட்டம், தையல் வேலை, மகளிர் குழுவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். எங்கள் ஊர்க் கடையை மூட வைத்தவர்களில் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

தீர்மானம் போட்டதும் ஷட்டர் இறங்கிவிடாது. உத்தரவு மாவட்ட ஆட்சியரிடமிருந்து வர வேண்டும். ஆனால் தீர்மான நகல் கையில் இருந்தால் மனு கொடுப்பது நீங்கள் ஒருவர் அல்ல, ஊர். முதலில் தூரத்தை அளந்துவிடுங்கள். 2003 விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் பள்ளியிலிருந்தும் கோவிலிலிருந்தும் 50 மீட்டருக்குள், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. உங்கள் தோப்பைத் தாண்ட 90 மீட்டர் என்றால் விதியே உங்கள் பக்கம். 130 மீட்டர் என்றால் விதி கைகொடுக்காது, ஊர் ஒன்றாக நின்றால்தான் உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

எங்களுக்கு நடந்தது 2017இல். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. ஏப்ரல் முதல் சாலையோரக் கடைகள் எல்லாம் ஊருக்குள் வர ஆரம்பித்தன. அந்த வருடம் தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் மறியலில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கும். நாங்கள் ஒன்பது நாள் உட்கார்ந்தோம். சமையல் பாத்திரத்தோடு போய் கடை வாசலிலேயே உலை வைத்தோம். பத்தாவது நாள் சரக்குப் பெட்டிகளை லாரியில் திரும்ப ஏற்றினார்கள்.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். கோபுரம் ஏறுவது, மண்ணெண்ணெய் கேனைத் தூக்குவது எல்லாம் வேண்டாம். மதுவிலக்குக்காகப் போராடிய சசிபெருமாள் ஐயா எங்கள் பக்கத்துச் சேலம் மாவட்டத்துக்காரர். 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறியவர், உயிரோடு இறங்கவில்லை. இனி ஒருவர் போகக் கூடாது.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: நிற்கும். வாங்க இடமில்லை என்றால் எப்படிக் குடிப்பான்?

ஜனவரி 11

விட்டுப்போனது. கிராம சபைக்குப் பெண்கள் நிறையப் பேர் வரட்டும். தீர்மானம் புத்தகத்தில் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்றால் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

ஜனவரி 17

10ஆம் தேதி "நிற்கும்" என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் திருவள்ளுவர் தினம். கடை விடுமுறை. அன்று காணும் பொங்கல் ஏற்பாட்டுக்காகப் பசங்கள் உறியடிக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் வாயைத் திறந்தாலே வாடை. ஒருவனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. கடையே இல்லாத ஊரில், கடையே திறக்காத நாளில் எங்கிருந்து வந்தது?

எங்கள் பக்கத்தில் சந்துக்கடை என்போம். 2017இல் நாங்கள் ஜெயித்த மூன்றாவது மாதமே இரண்டு வந்துவிட்டன. ஒருவர் நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடையில் மொத்தமாக வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் வைத்து, குவார்ட்டருக்கு ஐம்பது அறுபது கூட வைத்து விற்பார். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடிவிடும். சந்துக்கடைக்குக் காலையும் இல்லை, இரவும் இல்லை. 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்பது சட்டம். சந்துக்கடையில் யார் வயதைக் கேட்கிறார்கள்? பையனிடம் அறுபது ரூபாய்தான் இருக்கிறதா, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கட்டிங் போட்டுக்கொள்கிறான்.

அதற்காகக் கடையை மூடியது வீண் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பெண்கள் ஏழு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கிப் பயமில்லாமல் நடந்து வருகிறார்கள். கூலி வாங்கிய கையோடு கடைக்குள் நுழைகிறவர்களும் கொஞ்சம் குறைந்தார்கள். உங்கள் தோப்புக் கடையை மூட வைக்கத்தான் வேண்டும். மூடியதோடு ஆயிற்று என்று நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோமே, அதுதான் தப்பு.

ஜனவரி 18

"கடையை மூடினால் கள்ளக்குறிச்சி மாதிரி ஆகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2024 ஜூனில் அங்கே கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்தைக் குடித்தபோது டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. பாக்கெட் சாராயம் மலிவு என்பதால் கூலிக்காரர்கள் அதற்குப் போனார்கள். அதில் மெத்தனால் இருந்தது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூடினாலும் திறந்தாலும் கள்ளச் சரக்கைப் பிடிக்க வேண்டியது பிடிக்க வேண்டியதுதான்.

ஜனவரி 19

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

2019 ஜூன் மாதம் என் அண்ணன் மகன் போய்விட்டான். பத்தொன்பது வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. சிநேகிதன் பிறந்தநாளுக்கு ட்ரீட் என்று போனவன், இரவு பதினொன்றரை மணிக்கு பைக்கில் திரும்பும்போது விளக்குப் போடாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிவிட்டான். ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில் மாட்டியபடியே இருந்தது. "அத்தை, நாளைக்கு வரும்போது உனக்கு ஊசி நூல் என்ன கலர் வாங்கணும்?" என்று அன்று மதியம்தான் போனில் கேட்டான்.

கடையை மூட வைத்த ஊர் இது. ஒன்பது நாள் மறியலில் எங்களுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கி வந்தவர்களில் அவனும் ஒருவன்.

இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு ஒருநாள் குடித்துவிட்டு வந்தபோது திட்டினேன். "எப்போது பழகினாய், எவன் பழக்கினான்" என்று கேட்டேன். "தாத்தா கருமாதியில அத்தை. சின்னத் தாத்தாதான் ஊத்திக் குடுத்தாரு. ஆம்பளப் பையன், ஒரு வாய் போடுன்னாரு" என்றான். என் அப்பா கருமாதி 2014இல். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது.

எனவே என் சித்தப்பாதான். அவரும் இப்போது இல்லை.

ஜனவரி 22

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

ஒரு தம்பி, "இந்தக் காலத்தில் எல்லாப் பசங்களும் குடிக்கிறார்கள், என்ன செய்வது" என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். எய்ம்ஸ் நடத்திய கணக்கெடுப்பு 2019இல் வந்தது. நாடு முழுவதும் 10 முதல் 17 வயதுள்ளவர்களில் மது எடுப்பவர்கள் நூற்றுக்கு 1.3 பேர். எண்ணிக்கையில் அது 30 லட்சம் பிள்ளைகள், சின்ன விஷயமில்லை. ஆனால் "எல்லாரும்" இல்லை. குடிக்காத பையன் வகுப்பில் தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக் கூச்சப்படுகிறான். பெரியவர்கள் நாமே "எல்லாரும் குடிக்கிறார்கள்" என்றால், அவன் இன்னும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்?

பிப்ரவரி 3

விழுப்புரத்துத் தம்பி, தீர்மானம் ஏறிவிட்டது என்று படித்தேன். சந்தோஷம். தோப்பு 84 மீட்டரா! சரி, நகலை லேமினேட் செய்து வையுங்கள்.

பிப்ரவரி 11

இன்று தைப்பூசம், வள்ளலார் நினைவு நாள், கடை விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து மாலை போட்டவர்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். வருடம் முழுக்கக் குடி. கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் மண்டலம் முழுக்கத் தொட மாட்டார். மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிடுவார். சாமி பயம் என்றுதான் நானும் நினைத்தேன். இந்த வருடம் கவனித்துப் பார்த்தேன். மாலை போட்டவரை யாரும் கூப்பிடுவதில்லை. கூட்டாளிகளே "சாமி" என்கிறார்கள். அவர் எதிரில் பாட்டிலை எடுப்பதற்கே கூசுகிறார்கள். கல்யாண வீட்டில் அவருக்குத் தனி இலை. கடைக்குப் போகும் வண்டியில் அவருக்கு இடமில்லை. ஊரே சேர்ந்து அவரைச் சுற்றி வேலி போடுகிறது. மாலையைக் கழற்றிய நிமிடமே முதலில் கூப்பிடுகிறவர்களும் அவர்கள்தான்.

அவருடைய மனவுறுதி கார்த்திகையில் கூடி, தையில் குறைகிறதா? அவர் அதே ஆள்தான். கொடுக்கிற கைதான் அந்த நாட்களில் மடங்கியிருக்கிறது. பெரிய ஆளுக்கே அப்படி என்றால், பதினான்கு வயதுப் பையனைச் சுற்றி இந்த வேலியை ஊர் போட முடியாதா? அவன் மாலை போடாமலே?

பிப்ரவரி 12

ஐஸ்லாந்தைப் பற்றி இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என் மகள் தேடிப் படித்துக் காட்டினாள். அந்த நாட்டில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் அதற்கு முந்தைய மாதத்தில் போதையேறும் அளவு குடித்திருந்தார்கள். 2016இல் அது 5. கடைகளை மூடிச் செய்ததில்லை. அங்கேயும் நம் ஊர் மாதிரி அரசேதான் கடை வைத்து விற்கிறது. 20 வயதுக்குக் கீழே கிடையாது, அதைக் கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் அரசும் ஊரும் பெற்றோரும் சேர்ந்து செய்த வேலை. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குமேல் தனியாக வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம். வாரக்கடைசியில் பெற்றோர் கூட்டமாக ஊரைச் சுற்றி நடக்கிறார்கள், அதட்ட அல்ல, கண்ணில் படுவதற்கு. விளையாட்டு, பாட்டு என்று சேர்ப்பதற்குத் தலைநகரில் பிள்ளைக்கு இவ்வளவு என்று நகராட்சியே பணம் தருகிறது. பள்ளிகளில் பெற்றோர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு மது வாங்கித் தர மாட்டோம், அடுத்த வீட்டுப் பிள்ளையையும் பார்த்துக்கொள்வோம் என்று.

சின்ன நாடு, பணமுள்ள நாடு. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் அந்தக் கடைசி ஒப்பந்தத்துக்குக் காசு வேண்டாமே.

பிப்ரவரி 26

ஜனவரி 19 குறிப்பில் தவறாக எழுதிவிட்டேன்.

பீரோவைச் சுத்தம் செய்தபோது அப்பா கருமாதிக் கணக்கு நோட்டு கிடைத்தது. நான்தான் கணக்கு எழுதினேன். அரிசி, காய்கறி, ஐயர் தட்சணை, பந்தல், நாவிதர். அதற்குக் கீழே என் கையெழுத்தில், "பசங்க செலவு – 1,500."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாழை மரம் கட்டுவது, பாத்திரம் தூக்குவது, பந்தி பரிமாறுவது எல்லாம் ஊர்ப் பையன்கள் செய்வார்கள். கூலி கேட்க மாட்டார்கள். ராத்திரி "பசங்களுக்குச் செலவுக்குக் குடுத்துடுங்க" என்பார்கள். எதற்கு என்று கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் பட்ஜெட்டில் அது ஒரு வரி. அந்தப் பணத்தை எண்ணிச் சித்தப்பா கையில் கொடுத்தது நான். அந்தக் கூட்டத்தில் பதினான்கு வயதுப் பையனும் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன்தான் அன்று வாழை மரத்துக்குக் குழி தோண்டினான்.

சித்தப்பா ஊற்றினார். காசு என்னுடையது. மூன்று வருடம் கழித்துக் கடை வாசலில் உலை வைத்ததும் அதே நான்தான். கடைக்காரர் மேல் அவ்வளவு கோபப்பட்டேன். அந்த நோட்டு என் பீரோவிலேயே இருந்திருக்கிறது.

இனி இந்த இழையில் நான் "அவர்கள்" என்று எழுதினால் "நாம்" என்று படியுங்கள்.

மார்ச் 2

சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் மது கொடுத்தால் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மாமா கொடுத்தாலும் சித்தப்பா கொடுத்தாலும்தான். எங்கள் குழுக் கூட்டத்தில் வாசித்தேன். இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு பாட்டி, "அப்போ எங்க தெருவுல ஆம்பளைங்க எல்லாரும் உள்ளதான் இருக்கணும்" என்றார். சிரித்துவிட்டோம். அப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

மார்ச் 9

அவசரமாக ஒன்று. பிள்ளையைக் கட்டிப்போட்டுக் குடியை நிறுத்தலாமா என்று கேட்ட அம்மாவுக்கு: வேண்டாம். நாள் தவறாமல் நிறையக் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். உயிரே போகலாம். அதே மாதிரி, தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்தும் வேண்டாம். அதில் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்கிற மருந்து இருந்து, பையன் வெளியே குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடுவான். அவனுக்குத் தெரிந்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. கோவிலில் கயிறு கட்டுங்கள், நானும் வேண்டிக்கொள்கிறேன். கூடவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 14446 போதை மீட்புக்கான இலவச உதவி எண், அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். சென்னையில் குடிநோய்க்கான டிடிகே மருத்துவமனை இருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980இல் ஆரம்பித்தது.

மே 2

நேற்று எங்கள் கிராம சபை. "பசங்க செலவு"க்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தோம். எந்த வீட்டு விசேஷத்திலும் இளைஞர்களுக்குக் குடிக்கப் பணமோ சரக்கோ கொடுப்பதில்லை. 21 வயதுக்குக் கீழே உள்ள யாரையும் வாங்கி வர அனுப்புவதில்லை. வேலை செய்த பையன்களுக்கு நல்ல சாப்பாடு, அன்றைய கூலி. சந்துக்கடை மீது நடவடிக்கை கேட்டு இன்னொரு தீர்மானம்.

நான் கணக்கு நோட்டைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தை வாசித்தேன். கை நடுங்கியது. முடித்ததும் பின்னால் இருந்து ஒரு பெரியவர், "எங்க வீட்டு நோட்டுலயும் இருக்கும்மா" என்றார். அதுவே போதுமாக இருந்தது.

எதிர்ப்பும் இருந்தது. "சாவு வீட்டில் ராத்திரி பிணத்தோடு கண்விழிக்கிறவனுக்கு என்ன கொடுப்பாய்" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. காப்பி என்று யாரோ சொன்னார்கள்.

எங்கள் மண்ணில் இது புதிதும் இல்லை. 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்குக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அப்போது தர்மபுரியும் சேலம்தான். 1971இல் மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள், 1974இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981இல் கடைகளை மறுபடி திறந்தார்கள். ஆந்திராவில் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் 1992இல் எழுத்தறிவு வகுப்பில் உட்கார்ந்து பேசிச் சாராயத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1995இல் முழு மதுவிலக்கே வந்தது. 1997இல் போய்விட்டது. மேலே இருந்து வருவது மேலே இருந்தே போகிறது. அந்தப் பெண்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் எங்களுக்குத் தைரியமே வந்திருக்காது.

மே 20

களத்து மேட்டைக் கபடிக்குச் சுத்தம் செய்தோம். மூன்று மூட்டை பாட்டில், உடைந்தது தனி. ஊராட்சி இரண்டு விளக்குப் போட்டது. நீலகிரியில் 2022இல் ஆரம்பித்த காலிப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திட்டம் வேறு மாவட்டங்களிலும் இருக்கிறது. ஸ்டிக்கர் இருக்கும் பாட்டில்களைச் சிறுவர்களே பொறுக்கிக் கடையில் கொடுத்துப் பந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மே 21

அதைச் செய்யாதீர்கள். இரவு முழுக்க யோசித்தேன். பத்து வயதுப் பிள்ளையை நாமே அந்தக் கவுன்ட்டருக்கு அனுப்புகிறோம். பாட்டிலைப் பெரியவர்கள் கொண்டுபோகட்டும்.

ஜூன் 30

தீர்மானத்துக்குப் பிறகு மூன்று விசேஷம், ஒரு சாவு. இரண்டு வீடுகள் சொன்னபடி நடந்தன. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் வேனிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். சாவு வீட்டில் பணம் கைமாறியது. யார் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும், கேட்கப் போகவில்லை. பதினோரு மணிக்கு நாங்கள் நான்கு பேர் அங்கே போய்ப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். சுக்குக் காப்பி கொண்டுபோனோம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தவர்களை மட்டும் ஒரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினோம். எல்லோரையும் அல்ல. அவர்களை மட்டும். அதில் யாருக்கும் சண்டை இல்லை.

சனிக்கிழமை இரவு டார்ச்சோடு தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடப் பின்பக்கம் வரை நடக்கிறோம். பசங்கள் எங்களுக்கு "லைட் அத்தைங்க" என்று பேர் வைத்துவிட்டார்கள். நாங்கள் வருவதை ஒருவனுக்கொருவன் விசில் அடித்துச் சொல்கிறார்கள். அடிக்கட்டும். விசில் அடிக்க வாய் தெளிவாக இருக்க வேண்டுமே.

ஒரு சந்துக்கடை மூடியாகிவிட்டது. இன்னொன்று இருக்கிறது.

ஆகஸ்ட் 22

விழுப்புரத்துத் தம்பி, உங்கள் கடைக்கு இடமாற்ற உத்தரவு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டு அழுதுவிட்டேன். அடுத்த மூன்று மாதம் தூங்காதீர்கள். மற்றதை மேலே எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் விசேஷம். அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. போனவனின் அக்கா மகள். வாழை மரம் கட்ட ஐந்து பையன்கள் வருகிறார்கள், இரண்டு பேர் கபடி ஆடுகிறவர்கள். அண்ணி புது நோட்டு வாங்கி வந்து என் மடியில் வைத்தாள். "பசங்க" என்று எழுதி, "கூலி 500 வீதம், ராத்திரி நாட்டுக்கோழிக் குழம்பு" என்று எழுதியிருக்கிறேன். சமையல்காரர் நான்கு கோழி போதும் என்கிறார். இந்த வயதுப் பையன்களுக்கு ஆறு கோழியாவது வேண்டும்.